வலது கையின் குடியுரிமை

என் வலது கைக்குக் குடியுரிமை கிடைத்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மீதமுள்ள என்னுடைய விண்ணப்பம் நிலுவையில் இருந்தது.

இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் விண்ணப்பம் பெறும் சாளரம் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் அதிகாரிக்கு இரக்கமோ வெறுப்போ வந்துவிடலாம் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன், கப்பலிலிருந்து இறங்கிய அன்று, நான் அந்தச் சாளரத்தின் முன் குனிந்து படிவத்தை வலது கையால் நீட்டினேன். இடது கையால் ஒருவருக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். என் இடது கை பயணப் பையைப் பிடித்தபடி முதுகுக்குப் பின்னால் அடக்கமாக நின்றது.

உள்ளே இருந்த அதிகாரி ஒரு கையைக் கண்டார். அதன் நீளத்தை அளந்தார். விரல்களை எண்ணினார். "விண்ணப்பதாரர் ஒருவர். உடல்நலம் திருப்தி" என்று எழுதிக்கொண்டார்.

சில தேசத்தவர்கள் மரியாதையின் பொருட்டு இரு கைகளாலும் நீட்டுவார்கள். அவர்கள் தம்பதியர் என்று பதிவாகிறார்கள்.

என் மனைவி லோசினி அன்று கைக்குழந்தையை இடது இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தை அழுததால், அவளை மூன்றாம் மாடி நடைக்கூடத்தில் உட்காரச் சொல்லிக் குழந்தையை என்னிடம் கொடுத்தார்கள். அவளுடைய எண் பன்னிரண்டு. அப்போது நான்காம் எண்ணை அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்தும் நான்காம் எண்ணைத்தான் அழைத்தார்கள். இதற்கிடையில் நடைக்கூடம் வளர்ந்துவிட்டது. முதல் ஆண்டில் அவள் முகம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் சேலையின் நிறம் தெரிந்தது. பிறகு தொலைவில் ஒரு புள்ளிதான் இருந்தது. அதைத்தான் நானும் மகள் கம்சிகாவும் வெள்ளிக்கிழமைகளில் பார்த்து வந்தோம்.

கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும். பதில் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆகும். கடைசியாக வந்த பதில், "பிள்ளைக்குத் தலை வாரி விட்டனீங்களோ?" என்பது.

கைக்குக் குடியுரிமை வழங்கும் விழா நன்றாக நடந்தது. நான் மண்டபத்தின் வெளியே நின்றேன். சுவரிலிருந்த துளை வழியாகக் கை உள்ளே போனது. உள்ளே நாட்டுப்பண் பாடினார்கள். கைதட்டல் கேட்டது. அதில் என் கையும் யாரோ ஒருவரின் கையோடு சேர்ந்து தட்டியிருக்க வேண்டும். வெளியே வந்தபோது அதற்கு வெள்ளைக் கையுறை அணிவித்திருந்தார்கள்.

மறுநாள் மொழிபெயர்ப்பாளர் அருளம்பலம் விதிகளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் எனக்குப் பத்தாண்டுகள் முன்னதாக இங்கு வந்தவர். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அதிகாரிகள் பேசுவது எனக்கு விளங்கும். ஆனால் அவர் இல்லாமல் விளங்கிக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை.

"குகநேசன், இனி உங்கட வலக்கை இந்த நாட்டுப் பிரசை. பிரசை ஒருத்தர் அனுமதி இல்லாத வெளிநாட்டுக்காரனுக்குச் சாப்பாடு குடுக்கிறது குற்றம்."

"எந்த வெளிநாட்டுக்காரனுக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப நான் எப்படிச் சாப்பிடுறது?"

"மற்றக் கை சும்மாதானே கிடக்கு."

"இடக்கையாலயோ? என்ன அண்ணை கதைக்கிறியள்? நீங்களும் எங்கட ஆள்தானே."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்த முயன்றார். குரல் தாழவில்லை. "எனக்கு நாக்குக்கு மட்டும்தான் குடியுரிமை தந்தவங்கள். அது சொல்லுறதுக்கு நான் பொறுப்பில்லை" என்று உரத்த குரலில் சொன்னார். இன்னும் அனுமதி கிடைக்காத அவருடைய கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஏழு வயது நிறையாத பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும் பிரசைகள் உணவளிக்கலாம் என்று விதியில் ஒரு சலுகை இருந்தது. எனவே வலது கை கம்சிகாவுக்குச் சோறு ஊட்டியது. இடது கையால் நான் சாப்பிட்டேன். அதற்குப் பழக்கம் இல்லை. பருப்பு சட்டையில் ஒழுகியது.

கம்சிகா பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவள். கரண்டியை இடது கையால் எடுப்பாள். யாருக்காவது கைகாட்டுவதென்றாலும் இடது கையால்தான் காட்டுவாள். நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன்.

"அப்பா, நான் பீச்சக்கையால சாப்பிட்டா ஏசுவியள். இப்ப நீங்கள் மட்டும் சாப்பிடலாமோ?"

"அப்பான்ர சோத்துக்கைக்கு இப்ப உத்தியோகம் பிள்ளை."

"என்ர சோத்துக்கைக்கும் உத்தியோகம்."

"என்ன உத்தியோகம்?"

"அது பொம்மையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கு."

உத்தியோகம் உண்மைதான். குடிவரவுத் திணைக்களத்தில் முத்திரை குத்தும் பிரிவில் கைக்கு வேலை கிடைத்திருந்தது. நான் அதைக் காலை எட்டு மணிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மேசைக்கு முன் ஒரு திரை இருக்கும். வெளிநாட்டவன் கோப்புகளைப் பார்க்கக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் நான் சுவரைப் பார்த்து நிற்பேன். அந்தப் பக்கம் கை, 'நிராகரிக்கப்பட்டது' என்னும் முத்திரையைக் கோப்புகளில் குத்தும். நாளுக்கு நானூறு. தோளில் அதிர்வு மட்டும் தெரியும். நண்பகலில் கைக்குத் தேநீர் வரும். அதற்கு வாய் இல்லாததால் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் திரையை விலக்கிக்கொண்டு வந்து கையைக் குலுக்கினார். அருளம்பலம் அவர் பின்னால் வந்தார்.

"மேலாளர் உங்கட கையைப் பாராட்டுறார். இண்டைக்கு உங்கட கோப்பு வந்ததாம். கை கொஞ்சமும் தயங்கேல்லையாம். மை ஒழுகாமல், நேராக் குத்தியிருக்காம்."

"என்ர கோப்போ?"

"ஓம். மிச்சமுள்ள உங்களை ஏழு நாளில கப்பல் ஏத்துவினம். பிள்ளையையும் சேர்த்து. அவளின்ர பெயரும் அதே கோப்பிலதானே."

எங்கள் ஊரில் இன்னும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அதை நான் சொன்னேன். அருளம்பலம் மொழிபெயர்த்தார். மேலாளர் தலையை அசைத்து, தாமும் செய்தியில் பார்த்ததாகவும், படப்பிடிப்பு நன்றாக இருந்ததாகவும் சொன்னார்.

"வலக்கை பிரசைதானே. அது எனக்குப் பொறுப்பெடுக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"பொறுப்பெடுக்கலாம். ரத்த உறவாய் இருக்க வேணும்."

"எனக்கும் அதுக்கும் ரத்தம் ஒண்டுதானே அண்ணை!"

"ஒண்டுதான். ஆனால் அது உங்களிட்ட இருந்து அதுக்குப் போகுதோ, அதிட்ட இருந்து உங்களுக்கு வருகுதோ எண்டதுக்கு ஆவணம் வேணும்."

என்னிடம் ஆவணம் இல்லை.

அருளம்பலம் கோப்பைப் புரட்டினார். அவருடைய கண்கள் ஒரு பக்கத்தில் நின்றன. "ஒரு வழி இருக்கு. கை தன்னை நம்பி வாழுற ஒரு ஆளை வைச்சிருக்கலாம். பிள்ளை அந்தக் கையாலதானே சாப்பிடுறாள்? அதை நிரூபிச்சால் அவள் கையோட இங்க இருக்கலாம்."

"நான்?"

"நீங்கள் அந்தக் கையால சாப்பிடேல்லையே. சட்டத்தை மதிச்சு நடந்தனீங்கள்."

அன்று மாலை கை கம்சிகாவுக்குச் சோறு ஊட்டியது. சாப்பிடும்போது அவளுக்குக் கதை வேண்டும். நான் ஒன்று சொன்னேன்.

ஒரு தவளை வறண்ட குளத்தை விட்டு வேறொரு கிணற்றுக்கு வந்து குதித்தது. அங்கிருந்த தவளைகள், "நீ குதித்தாய் என்பதற்குச் சாட்சி யார்?" என்று கேட்டன. "இந்தத் தண்ணீர்தான். குதித்தபோது சத்தம் போட்டதே" என்றது தவளை. "தண்ணீர் எங்கள் ஊர்க்காரர். வெளியூரானுக்குச் சாட்சி சொல்லமாட்டார்" என்றன அவை. "அதனால் நீ இன்னும் குதிக்கவில்லை. குதிக்காத தவளை நனையக் கூடாது" என்றும் சொல்லிவிட்டன.

"பிறகு?" என்றாள் கம்சிகா.

"பிறகு அது நனையாமல் நீந்தப் பழகிச்சுது."

"அப்படி நீந்த ஏலாது அப்பா."

"ஏலாதுதான். வாயைத் திற."

தேர்வு ஐந்தாம் நாள் நடந்தது. ஒரு நீண்ட சுவரில் பத்துத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வலது கை நீண்டிருந்தது. எல்லாம் வெள்ளைக் கையுறை கழற்றிய கைகள். சுவருக்குப் பின்னால், ஏழாம் துளையில் நான் நின்றேன். எனக்கு அவளைப் பார்க்க அனுமதி இல்லை. கேட்க மட்டும் முடிந்தது.

ஒவ்வொரு கையின் முன்னும் ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள். கம்சிகா ஒவ்வொரு கையிலும் ஒரு கவளம் வாங்கிச் சாப்பிட வேண்டும். சரியான கையைச் சொன்னால் இங்கே இருப்பாள். தவறினால் என்னோடு குண்டுக்குள் வருவாள்.

"இது இல்லை. இறுக்கி உருட்டியிருக்கு" என்றாள் முதல் கையில்.

"இது சோப்பு மணக்குது."

"இது மிளகாயை விலத்தாமல் தருகுது. உறைக்குது." தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

அவள் நெருங்கி வந்தாள். நான்கு. ஐந்து. ஆறு.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. மிளகாயை விலக்காமல் கவளம் உருட்டினால் போதும். அவள் முகத்தைச் சுளிப்பாள். அடுத்த கைக்குப் போவாள். எந்தக் கையும் அவளுடையது ஆகாது. கப்பலில் என் மடியில் தூங்குவாள். மூன்று வாரத்தில் ஊரில் இறங்குவோம். அதற்குப் பிறகு நடப்பதை நான் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க முயன்றேன்.

விரல்கள் சோற்றைப் பிசைந்தன. பச்சை மிளகாய் விரலில் தட்டுப்பட்டது. பெருவிரல் அதை மெல்லத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியது. தள்ளியது நானா, கையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

கம்சிகா மென்றாள்.

"இது அப்பா" என்றாள்.

"அப்பா இல்லை. கை" என்று அருளம்பலத்தின் நாக்கு திருத்தியது.

கடைசி நாள் காலையில் மூன்றாம் மாடிக்குப் போனேன். நடைக்கூடத்தின் முனையில் நின்று, "லோசினி, என்னை அனுப்புறாங்கள். பிள்ளை இங்கதான் நிக்கிறாள். உன்ர எண் வந்தால் அவளைத் தேடிக் கண்டுபிடி" என்று கத்தினேன். புள்ளி அசைந்தது போல இருந்தது. தூசியாகவும் இருக்கலாம்.

"பதில் வந்தால் உங்கட கோப்பில போட்டு வைப்பம்" என்றார் அருளம்பலம்.

துறைமுகத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கம்சிகா கோட்டுக்கு உள்ளே நின்றாள். வலது கை அவளுடைய வலது கையைப் பிடித்திருந்தது. என்னைக் கோட்டைத் தாண்டி நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். கை நடக்கவில்லை. பிரசை எவரையும் நாட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. சட்டையின் வலது பக்கம் காற்றில் ஆடத் தொடங்கியது. வலியைப் பதிவு செய்ய ஒரு படிவம் இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எனக்குக் கையெழுத்து இல்லை.

கை இருந்த உயரத்திலேயே நின்றது. கம்சிகாவின் பிடி நழுவவில்லை.

"அப்பா, நீங்கள் கோட்டுக்கு அங்கால நிக்கிறியள்" என்றாள் அவள்.

"ஓம் பிள்ளை."

"இங்கால வாங்கோ."

"கொஞ்சம் பொறு."

அப்போது ஓர் அதிகாரி விரைந்து வந்தார். இளைஞர். நல்ல சிரிப்பு. கையில் ஒரு கடிதமும் 'வருகையாளர் பண்பாடுகளை மதிப்போம்' என்னும் சிறு கையேடும் இருந்தன.

"உங்களுக்கு ஒரு சலுகை கிடைச்சிருக்கு. ஆண்டுக்கு ஒரு நாள் வந்து பிள்ளையைப் பார்க்கலாம். முழங்கால் உயரச் சாளரத்துக்குள்ளாலதான். இதுதான் கடிதம். பெற்றுக்கொள்ளச் சொல்லுறார்" என்றார் அருளம்பலம்.

நான் இடது கையை நீட்டினேன்.

அதிகாரியின் முகம் வாடியது. கடிதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கையேட்டைத் திறந்து ஒரு பக்கத்தை அருளம்பலத்திடம் காட்டினார்.

"உங்கட சனத்துக்குள்ள இடக்கையில வாங்கிறதும் குடுக்கிறதும் அவமரியாதை எண்டு போட்டிருக்கு. உங்களை அவமதிக்கத் தன்னால ஏலாதாம்."

"எனக்கு அவமதிப்பு இல்லை. தரச் சொல்லுங்கோ அண்ணை."

"உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். பண்பாட்டுக்கு எண்டு சொல்லுறார். வலக்கையை நீட்டட்டாம்."

நான் கோட்டுக்கு அப்பால் பார்த்தேன்.

கை சற்று யோசித்தது. பிறகு கம்சிகாவின் பிடியை விட்டு, உள்ளங்கையைக் குழித்து, மரியாதையாக முன்னே நீண்டது. சிறுவயதில் எனக்குக் கற்றுக்கொடுத்தது போலவே நீண்டது. அதிகாரி மனம் நிறைந்து கடிதத்தை அதில் வைத்தார். "உரியவரிடம் சேர்ந்தது" என்று குறித்துக்கொண்டார். கை கடிதத்தை நான்காக மடித்து உள்ளங்கைக்குள் வைத்து, மறுபடியும் மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டது. கடிதம் அவர்கள் இருவரின் கைகளுக்கும் நடுவில் இருந்தது.

"அந்தக் கடிதம் இல்லாமல் நான் எப்படித் திரும்பி வாறது?" என்று கேட்டேன்.

அருளம்பலம் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

கப்பல் ஊதியது. என்னை ஏற்றினார்கள். கரை நீளத் தொடங்கியது, மூன்றாம் மாடி நடைக்கூடம் நீண்டதைப் போலவே. முதலில் கம்சிகாவின் முகம் தெரிந்தது. பிறகு சட்டையின் நிறம் தெரிந்தது.

அவளுடைய வலது கை என் கைக்குள் இருந்தது. அதனால் அவள் இடது கையைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

நான் அவளைத் திருத்தவில்லை. என்னிடம் இருந்ததும் அந்தக் கைதான். அதைத் தூக்கி, அவள் புள்ளியாகும்வரை ஆட்டினேன்.