நாற்பது மணி நேரம்

பெங்களூர் குதிரை ஷோவில் எனக்கு மூன்றாவது இடம். ஆம்பூர் வரும்வரை அப்பா காரில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். மைதானம் ஈரம் என்று நான் சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார்.

அப்பா கிறிஸ்துராஜ் வெளிநாட்டுக்குச் சேணம், அவர் பாஷையில் சேடில், தைத்து அனுப்புகிறவர். எங்கள் குதிரை ரூபி ஜெயித்தால் அது அவருடைய சேணத்துக்கு விளம்பரம். பன்னிரண்டு வருடமாக அதற்காகத்தான் ஓட்டினேன். முதல் பரிசு ரிப்பன்கள் மட்டும் அவர் ஆபீஸ் சுவரில் தொங்கும், மற்றவை குப்பைக்கூடையில். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மறுநாளே ரூபியை விற்றுவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை வண்டி வரும் என்றார்.

"ஜெயிக்காத குதிரைக்கு எதுக்குடி புல்லு?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அவர் வினை அவரையே சுற்றியது. ஆர்டர் அனுப்பும் முன் ஒரு சேணத்தை நாற்பது மணி நேரம் குதிரைமேல் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டியவர் ரிப்போர்ட்டில் மணிக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்பா ஒருநாளும் அதைச் செய்ததில்லை. டீ குடித்துக்கொண்டே நாற்பது வரியையும் ஒரே பேனாவால் நிரப்பிவிடுவார். இந்தத் தடவை வாங்குகிறவர்கள் அந்தச் சேணத்தையே கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அடியில் ஒரு சொட்டு வியர்வைக் கறை இல்லை. நிஜமாக ஓட்டிக் காட்டும்வரை ஆர்டர் இல்லை என்றுவிட்டார்கள்.

"தெனம் நாலு மணி நேரம், பத்து நாளு. நீதான் ஓட்டணும்" என்றார். கேட்கவில்லை, உத்தரவு போட்டார்.

வெறுப்போடுதான் பாலாற்றில் இறங்கினேன். தோல் பதனிடும் ஷாப் நாற்றம், காய்ந்த மணல், ஒரு மனிதர் இல்லை. மூன்றாம் நாள் கடிவாளத்தைத் தளர்த்தி, ரூபியை அதன் இஷ்டத்துக்கு விட்டேன். நாணல் புதரை மோந்தது. ஒரு ஓணானைப் பார்த்து மிரண்டு நான்கு அடி பின்னால் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரூபிக்கு ஓணான் பயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. குதிரைமேல் உட்கார்ந்து நான் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை வண்டி வாசலில் நின்றது. அப்பா ரிப்போர்ட்டை நீட்டினார். ஓட்டிய மணிக்கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"முப்பத்தெட்டா? தெனம் போனியே."

"நேத்து ரெண்டு மணி நேரம் சேடிலை அவுத்து மரத்துல மாட்டிட்டேன். வெறும் முதுகுலதான் ஓட்டினேன்."

"நாப்பதுன்னு எழுது."

"அப்டி எழுதித்தான மாட்டினீங்க."

"இன்னாடி, மிரட்டுறியா?"

"ஆமா. ரூபி இந்த வண்டியில ஏறினா இதுக்கும் கையெழுத்து இல்ல, இனிமே வர்ற எந்த சேடிலுக்கும் இல்ல. வேற ஆள் இருந்தா ஓட்டிக்கச் சொல்லுங்க. ஷோவுக்கும் நான் வரமாட்டேன்."

வேறு ஆள் இல்லை, வேறு குதிரையும் இல்லை. அது அவருக்குத் தெரியும். என்னை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வண்டி காலியாகத் திரும்பியது.

நான் ரூபியை அவிழ்க்கப் போனேன். அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை, பின்னாலேயே வந்தார்.

"சேடில் இல்ல, பாக்க ஆள் இல்ல, பரிசு இல்ல. அந்த ரெண்டு மணி நேரம் எதுக்குடி ஓட்டின?"

"சும்மாதான், டாடி."