பூசைக்குத் துடைத்த டிரைவ்

ஆயுத பூசை விடுமுறை முடிந்து வந்ததும் மனோஜ்குமார் ஓட்டிய சோதனையில், எங்கள் புது ஃபிளாஷ் டிரைவ் கேட்ட மாத்திரத்தில் தரவைக் கொடுத்தது. மேலாளர் திருமூர்த்தி அந்த வேகக் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு லட்டு வாங்கிவந்தார். இந்த வேகம் வராவிட்டால் கோயமுத்தூர் லேப்பை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகத்தார் முன்பே சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அந்த வேகம் நம்பும்படி இல்லை.

"மனோஜ், படிக்கறதுக்கு முன்னால டிரைவை நிரப்புனீங்களா?"

"இல்லீங்கக்கா. பூசைக்கு லேப்பைக் கழுவறப்ப அதையும் சுத்தம் பண்ணிப்போட்டனுங்க. எல்லா ஸோனையும் ரீசெட் பண்ணி அழிச்சாச்சு."

டிரைவ் மாட்டிய ராக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்ததும் அவன்தான். பக்தியில் குறை சொல்ல முடியாது.

இந்த டிரைவ் ஸோன் ஸோனாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் வரிசையாகத்தான் எழுத வேண்டும். அழித்தால் முழுதாக அழிக்க வேண்டும். அழித்த ஸோனைப் படிக்கச் சொன்னால், உள்ளே போய்த் தேடாமலே வெறும் பூஜ்யங்களைத் தந்துவிடும். காலி டப்பாவில் அரிசி தேட எவ்வளவு நேரமாகும்?

நிரப்பிவிட்டு மறுபடி அளந்தேன். இலக்கைத் தொடவில்லை. பயம் வரவேண்டிய இடம், வரவில்லை. பீளமேட்டில் ஒரு லேப், சரவணம்பட்டியில் ஒரு லேப் என மூடுவிழாக்களைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போயிருந்தது.

புது அளவைத் திருமூர்த்தியிடம் காட்டினேன்.

"ஏனுங்க அம்மணி, அனுப்பிச்சாச்சுங்களே?"

"வாங்கறவங்க நிரப்பித்தானுங்க படிப்பாங்க."

அவர் மிச்ச லட்டு டப்பாவை மூடினார். "சரிங்க. திருத்தம் போட்டு அனுப்பிப்போடுங்க."

அனுப்பினேன். சாயங்காலமே பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி, மாத இறுதியோடு கோயமுத்தூர் லேப் நிறுத்தப்படுகிறது.

மனோஜ் சோதனை மேசை மேல் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதான். எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தேன். அப்படித்தானே செய்வார்கள்! கைக்கு அவன் சட்டையின் ஈரம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அவனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"உங்க தைரியம் எனக்கு வராதுங்கக்கா."