அபிசீனியாவில் முப்பது வோட்டு

கோட்டாறு கடைத்தெருவில் யாக்கூப்பின் நூல் கடைக்குச் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை தபாலில் வரும். இரண்டு நாள் பழைய செய்திதான். ஆனாலும் யாக்கூப் அதை விரித்துப் படிக்கும் வரை உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றே கடைத்தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரத்தினம் அந்தக் கடைக்கு வருவாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. மிஷன் வளவுக்குள் இருந்த கொட்டகையில் முப்பது பெண்களோடு உட்கார்ந்து ரேந்தை என்னும் லேஸ் பின்னுவது அவள் வேலை. அந்த ரேந்தை கொழும்புக்கும் லண்டனுக்கும் கப்பலேறிப் போய், துரைசானிகளின் கழுத்துப்பட்டியில் ஏறிக்கொள்ளும். முதலில் நூல் வாங்கத்தான் யாக்கூப்பின் கடைக்கு வந்தாள். பிறகு நூல் வாங்காமலும் வந்து, நின்றபடியே பத்திரிகை படித்தாள். கடைசியில் யாக்கூப் அவளுக்கென்று ஒரு முக்காலி போட்டார்.

இரண்டு பேருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. ஒத்துப்போய்விட்டால் அன்றைக்கு இருவருக்கும் பொழுது போகாது.

இத்தாலிக்காரன் ஆப்பிரிக்காவில் அபிசீனியா தேசத்துக்குள் படையோடு புகுந்தபோது ரத்தினம் கொதித்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேத வாசிப்பில் பேர் வரும் தேசம் என்பதால் அவளுக்கு அது தன் சித்தப்பா வீடு மாதிரி.

"ஜெனிவாவுல அம்பது ராஜ்யம் சங்கமாக் கூடியிருக்கு முதலாளி. எல்லாருமாச் சேந்து ஒரு அதட்டு அதட்டினா அவன் ஓடிருவான்."

யாக்கூப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்த அம்பது பேரும் கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்தவனுவ, ரத்தினக்கா. எலை போட்டா இருப்பானுவ. சண்டை வந்தா செருப்பத் தேடுவானுவ."

"நீங்க ஒரு நாளாவது நல்லது சொல்லியிருக்கியளா?"

"நல்லது நடந்தா சொல்ல மாட்டேனா?"

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி பல்கீஸ் பீவியின் குரல் வரும். "அக்கா, அவரு சொல்லுகத விடுங்க. நீங்க அடுத்த பக்கத்தப் படிங்க."

அபிசீனியா விழுந்தது. அதன் சக்கரவர்த்தி ஜெனிவாவுக்கே போய் நின்று நியாயம் கேட்டார். ஐம்பது ராஜ்யத்துக்கும் அவரவர் செருப்பு கிடைத்துவிட்டது. யாக்கூப் சொன்னதுதான் நடந்தது என்பதில் ரத்தினத்துக்கு இரட்டை வருத்தம்.

அடுத்த வருஷம், முப்பத்தேழில், திருவிதாங்கூர் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. நிலத்துக்குக் கரம், அதாவது வரி, கட்டுகிறவர்களுக்குத்தான் வோட்டு. கணவர் விட்டுப்போன தென்னந்தோப்புக்கு ரத்தினம் தன் பேரில் கரம் கட்டினாள். அதனால் அவளுக்கு வோட்டு இருந்தது. பல்கீஸ் பீவிக்குப் பூதப்பாண்டியில் வாப்பா எழுதிவைத்த வயல் இருந்தது. அவளுக்கும் வோட்டு. கடை வாடகை, வீடு மனைவி பேரில் என்றிருந்த யாக்கூப்புக்கு மட்டும் வோட்டு இல்லை.

"ராஜ்யத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லுக ஆளுக்குச் சொந்த ஊருல ஒரு வோட்டு இல்ல" என்று ரத்தினம் ஒரு வாரம் சிரித்தாள்.

போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் கண்டிராக்டர் இஸ்ரவேல். கல்லுக்கட்டு வேலை செய்து மேலே வந்தவர். ரத்தினம் போகும் கிறிஸ்தவ சபையில் மூப்பர். பருத்த உடம்பு, சிறிய குரல். மற்றவர் வக்கீல் பகவதியப்பன். ஒல்லியான உடம்பு, பெரிய குரல்.

இஸ்ரவேல் ஒரு நாள் மத்தியானம் ஐந்தாறு ஆட்களோடு ரேந்தைக் கொட்டகைக்கு வந்தார். பெண்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுட்டெரிக்கும் வெயிலில் விடிந்ததிலிருந்து நடந்திருக்கிறார் என்பது அவர் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரத்தினம், உனக்கு வோட்டு இருக்குன்னு தெரியும். நான் சொல்லணும்னு இல்ல. நம்ம ஆளு, நம்ம சபை."

ரத்தினம் பதினெட்டு மாதமாகக் காத்திருந்தவள் போலக் கேட்டாள். "வோட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. அபிசீனியா விஷயத்துல உங்க அபிப்பிராயம் என்ன?"

இஸ்ரவேல் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அபிசீனியாதானே? அதப் பத்தி நீ ஒண்ணும் யோசிக்காண்டாம். அங்க முப்பது வோட்டு. முப்பதும் நமக்குத்தான். நேத்தே ஆளு விட்டுப் பேசி முடிச்சாச்சு."

 லீலாபாய் என்ற இளம்பெண் வாயைப் பொத்தினாள். பொத்தியும் அடங்காமல் வெடித்தாள். அவள் மடியிலிருந்த ரேந்தைக் குச்சிகள் நாலாபக்கமும் உருண்டன. முப்பது பெண்களும் சிரித்தார்கள். இஸ்ரவேலும் ஏதோ நல்ல விஷயம் நடந்துவிட்டது என்று நினைத்துக் கூடவே சிரித்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ரத்தினம் கோட்டாற்றுக்குப் போய்ச் சேரும் முன்னே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. யாக்கூப் கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தார்.

"ஆளு விட்டுப் பேசி முடிச்சாராமே! இது முன்னாலேயே தெரிஞ்சிருந்தா அந்தச் சக்கரவர்த்தி ஜெனிவாவுக்குப் போயிருக்காண்டாமே, நேரே நாகர்கோயிலுக்கு வந்திருக்கலாமே!"

மறுநாளிலிருந்து இஸ்ரவேலுக்கு 'அபிசீனியா அண்ணாச்சி' என்று பெயர் விழுந்தது. சந்தையில் மீன்காரிகள் சொன்னார்கள், வண்டிக்காரர்கள் சொன்னார்கள். கேள்வி கேட்டவள் தான்தான் என்று ரத்தினம் மூன்று நாள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

நாலாம் நாள் வக்கீல் பகவதியப்பனின் கூட்டம். வெயில் தாழ்ந்த நேரத்தில் கடைத்தெரு முக்கில் மேடை. இரண்டு கம்புக்கு நடுவில் ஒரு பெரிய உலகப்படம் தொங்கியது. வக்கீல் பிரம்பால் ஒவ்வொரு தேசமாகத் தொட்டுக் காட்டினார். இத்தாலியைத் தொட்டார், ஸ்பெயினைத் தொட்டார், அங்கே நடக்கிற உள்நாட்டுச் சண்டையை மாட்ரிட் வாசலில் நின்று பார்த்தவர் போலச் சொன்னார். ரத்தினத்துக்குப் புல்லரித்தது. இப்படி ஒருவர் சட்டசபையில் இருந்தால் போதாதா?

கடைசியில் பிரம்பு ஆப்பிரிக்காவில் போய் நின்றது.

"மகாஜனங்களே! எங்கள் நண்பர் இஸ்ரவேலின் முப்பது வோட்டும் இதோ, இந்த இடத்தில் இருக்கிறது. பெட்டியை அங்கே அனுப்பக் கப்பல் தேடிக்கொண்டிருக்கிறார்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓரத்தில் இஸ்ரவேலின் மகள் இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனதை ரத்தினம் கண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் ரத்தினம் குரல் கொடுத்தாள். "வக்கீலையா, ஒரு சங்கதி. எங்க தெருவுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவுல வாய்க்கால் இருக்கு. மழைக்காலத்துல எங்க பிள்ளைங்க முட்டளவு வெள்ளத்துல பள்ளிக்கூடம் போவுது. ஒரு பாலம் வேணும்னு ஏழு வருஷமாக் கேக்கோம். நீங்க கேப்பீங்களா?"

பகவதியப்பன் பிரம்பை இறக்காமலே புன்னகை செய்தார். "அம்மா, நான் சமுத்திரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாய்க்காலைக் கொண்டு வருகிறீர்கள்."

இப்போது கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்தது. நாலு நாளாக இஸ்ரவேலுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ரத்தினத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் அவள் இஸ்ரவேலின் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் நாற்காலி போட்டுச் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, நான் அப்படிக் கேட்டிருக்கப்பிடாது."

"கேட்டது தப்பில்ல. அன்னைக்குக் காலம்பற இருபத்தேழு ஊரு பேரச் சொல்லி இருபத்தேழு பேரு எங்கிட்ட வழக்குச் சொன்னான். இங்க கிணறு, அங்க குளத்துக்குக் கலுங்கு, அந்த ஊருல எத்தன வோட்டுன்னு. நீ கேட்டது இருபத்தெட்டாவது ஊருன்னு நெனச்சேன்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நேத்துதான் ஒரு பழைய பத்திரிகைய வாங்கி அந்தத் தேசத்துக் கதையப் படிச்சேன். படிச்சதுலேர்ந்து மனசு சரியில்ல. ஒண்ணு கேக்கேன், சொல்லு. ஜெனிவாவுல கூடியிருந்தவங்க எல்லாருக்கும் அபிசீனியா எங்க இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"படத்துல தொட்டுக் காட்டுவானா?"

"காட்டுவான்."

"காட்டத் தெரிஞ்ச அத்தன பேரும் சேந்து அந்தச் சக்கரவர்த்தி மனுசனுக்கு என்ன செஞ்சான்?"

 யாக்கூப்போடு இத்தனை மாதம் வாதாடியும் ரத்தினத்துக்கு வராத ஒரு வார்த்தையை இந்தக் கல்லுக்கட்டுக்காரர் ஒரே நாள் படிப்பில் சொல்லிவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அது அவரைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

"இத நீங்க இன்னைக்குச் சாயங்காலம் உங்க கூட்டத்துல சொல்லணும் அண்ணாச்சி."

"எனக்கா? நாலு பேரப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிடும். மேடையில ஏறினா வந்தனம் சொல்லுவேன், இறங்குவேன். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் அப்படியேதான் நடந்தது. இஸ்ரவேல் மேடையேறி வந்தனம் சொன்னார். பின்வரிசையிலிருந்து யாரோ "அபிசீனியா!" என்று கத்தினார்கள். அவர் இறங்கப் போனார். அதற்குள் ரத்தினம் புடவையைச் செருகிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டாள். கோட்டாற்றில் அதுவரை எந்தப் பெண்ணும் தேர்தல் மேடையில் ஏறியதில்லை. யாக்கூப் கடையை விட்டுத் தெருவுக்கே வந்துவிட்டார்.

"அந்தக் கேள்வியக் கேட்டது நான்தான்" என்றாள் ரத்தினம். ரேந்தைக் கொட்டகையின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், கடைசி ஆள் வரை போயிற்று. "நாலு பத்திரிகை படிச்ச திமிருல கேட்டேன். இந்த மனுசனுக்குத் தெரியல. நீங்களும் நானும் சிரிச்சோம். இன்னைக்குக் காலம்பற இவரு எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரியுதான்னு பாருங்க."

அவர் கேட்டதை அப்படியே சொன்னாள்.  ஒருத்தர் மட்டும் "சபாஷ்" என்றார். அது யாக்கூப்.

"ஆனா ஒண்ணு" என்று ரத்தினம் விரலை உயர்த்தினாள். "இவருக்கு வோட்டுப் போடுங்கன்னு சொல்ல நான் ஏறல. யாருக்குப் போடணும்னு நானே இன்னும் தீர்மானிக்கல."

இஸ்ரவேலின் முகம் தொங்கிப் போயிற்று. அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

வோட்டு நாளில் பல்கீஸ் பீவி வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு கூண்டு வண்டியில் ஏறினாள். ரத்தினமும் அதே வண்டியில். யாக்கூப், வோட்டுப் போடும் பள்ளிக்கூட வாசல் வரை வண்டிக்குப் பக்கத்தில் நடந்தே வந்தார். வழி நெடுக ஆலோசனை சொன்னார்.

"நீங்க வெளியில நில்லுங்க" என்றாள் பல்கீஸ் பீவி. "வோட்டு உள்ளவங்கதான் உள்ள போலாமாம்."

அரை மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். நடையே வேறு மாதிரி இருந்தது.

"யாருக்குப் போட்ட?" என்றார் யாக்கூப் மனைவியிடம்.

"ரகசியம்."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான் முக்கியமா. காலம்பற சொன்னா மத்தியானம் கடைத்தெருவுக்கே தெரிஞ்சிரும்."

அவர் ரத்தினத்தைப் பார்த்தார். அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இஸ்ரவேல் நூற்றுப் பதினாலு வோட்டில் தோற்றார். ஆறுதல் சொல்லப் போனவர்களுக்கு அவரே காப்பி கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பினார். வக்கீல் பகவதியப்பன் மாலையோடு ஊர்வலம் போய், அடுத்த வாரமே சட்டசபைக்குத் திருவனந்தபுரம் புறப்பட்டார். வாய்க்கால் பாலத்துக்கு ஒரு மனு எழுதி, தெருப் பெண்கள் பதினாறு பேரின் கையெழுத்து வாங்கி, ரத்தினம் அவருக்கு அனுப்பிவைத்தாள். பதில் வராவிட்டால் மாதம் ஒன்று அனுப்புவதென்று முடிவு செய்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் இஸ்ரவேல் நூல் கடைக்கு வந்தார். நூல் ஒன்றும் வேண்டாம் என்றார். சும்மா பத்திரிகை பார்க்கத்தான் வந்தாராம். இடம் இல்லாததால் நூல் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவர் பாரம் தாங்காமல் பெட்டி முனகியது.

"இந்த ஸ்பெயின் சண்டையில மாட்ரிட் தாங்குமா, தாங்காதா?" என்று கேட்டார்.

"தாங்காது" என்றார் யாக்கூப்.

"ஏன் தாங்காது? பொம்பளைங்க எல்லாம் துப்பாக்கி தூக்கி நிக்காங்க, நல்லாத் தாங்கும்" என்றாள் ரத்தினம்.

"அது சுவரப் பொறுத்தது" என்றார் இஸ்ரவேல். "கருங்கல்லா, செங்கல்லான்னு தெரியாம எப்படிச் சொல்ல முடியும்?"

பத்திரிகையில் மாட்ரிட்டின் சுவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் மூவரும் குரலை உயர்த்தி, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி வாதாடினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"அக்காவும் அண்ணாச்சியும் கைகழுவிட்டு உள்ள வாங்க, அரிசிப் பத்திரியும் கறியும் ஆறுது" என்றாள் பல்கீஸ் பீவி. "மாட்ரிட் நாளைக்கும் அங்கதான் இருக்கும்."