செல்லத்தாய் கேனுக்குச் சுற்றிய வட்டம்

எழுமலைப் பால் சொசைட்டிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் காளவாசல்காரன் அருள்பாண்டி. முதல் வாரம் கூடவே இருந்து பார்க்க வந்திருந்தான். கேனைத் தராசில் வைத்ததும் திரை பட்டென்று பதில் சொல்ல வேண்டும். வெயிலுக்குப் பால் காத்திருக்காது. நடுநடுவே ஒருவர் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் சோதிக்கவும் வேண்டும். முடிவு பால்வள அதிகாரிக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

சோதனை ஓடும்போது திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அதுதான் வினை. செல்லத்தாய் கேனுக்கு வட்டம் சுற்றவும் வரிசையே திரும்பிப் பார்த்தது.

“என்ன மதினி, மாட்டைக் கண்மாய்க்குள்ள நிப்பாட்டிக் கறந்தீகளாக்கும்?” என்றார் முத்துக்கருப்பன்.

செல்லத்தாய் பால் சுத்தம் என்று அருள்பாண்டிக்குத் தெரியும். சொன்னால் சோதனை ரகசியம் போய்விடும்.

மறுநாள் எல்லாருக்கும் வட்டம் சுற்றும்படி மாற்றினான். சுற்றி முடிய நேரமானதில் வரிசை ரோட்டைத் தாண்டியது. நடுவில் நின்றவர்கள் பால் தயிரானது. மொபெட்டில் குலுங்கி வந்த சின்னக்கருப்பன் கேனில் வெண்ணெய் திரண்டு, அவர் முறை வருவதற்குள் வெயிலில் உருகி நெய்யாகிவிட்டது. திரை அதையும் பால் என்றே பதிந்தது. சந்தேகமென்றால் ஊரில் கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கு மறுநாள், மனம்போன போக்கில் சிலருக்கு மட்டும் சுற்றவிட்டான். சுற்றியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். செல்லத்தாய்க்குச் சுற்றவே இல்லை.

“உள்ளுக்குள்ள ஆள் பிடிச்சாச்சு போல” என்றார் முத்துக்கருப்பன்.

“தம்பி, எனக்கும் அதைச் சுத்தவிடு” என்றாள் செல்லத்தாய். “சுத்துனாலும் பேசுறாக, சுத்தாட்டியும் பேசுறாக. நான் எந்தப் பக்கம் போறது?”

வேகமா, ரகசியமா, இந்த அம்மாவின் பெயரா? அருள்பாண்டிக்குத் தலை கிறுகிறுத்தது. எழுந்து வந்து, அவள் கேனில் ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்தான்.

வரிசை கேன்களோடு நெருங்கி வந்தது.

“அப்ப எம் பாலையும் குடி மாப்ள” என்று முத்துக்கருப்பன் கேனைத் திறந்தார். அடுத்தவரும் திறந்தார். அவனும் குடித்துக்கொண்டே போனான். பால் வண்டி வருவதற்குள் வரிசை தீர்ந்தது. கடைசியில் நின்ற சொசைட்டித் தலைவர் மட்டும், “நாளைக்கு வாரேன்” என்று கேனைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். அத்தனை பேரும் அவர் முதுகையே பார்த்தார்கள். செல்லத்தாய் காலிக் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

ரகசியம் காப்பாற்றப்பட்டதா, வெளியானதா, அதிகாரிக்கு என்ன எழுதுவது? அருள்பாண்டிக்கு விளங்கவில்லை. வயிறு வேறு பேச ஆரம்பித்திருந்தது.