ஒரே அலை

டெட்ராய்ட்டில் நடனப் பாட்டுக்குக் கிக் டிரம் அடி செய்யத் தெரியாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் லவெல் ப்ரூயிட்டைக் கேட்டால், ஊரிலேயே அது தெரிந்தவன் ஒருத்தன்தான். பெயரைச் சொல்ல அவனுக்குக் கூச்சம்.

மற்றவர்கள் யாரோ பதிவு செய்துவைத்த அடியை எடுத்துத் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொள்வார்கள். லவெலுக்கு அது எச்சில் சோறு. சிந்தசைசரில் ஒரே ஒரு ஒலி அலையை எடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் அதன் சுருதியை உச்சியிலிருந்து பாதாளத்துக்குத் தள்ளி, நெஞ்சில் குத்தும் 'டப்'பை வரவழைப்பவன்தான் மனிதன் என்பான். ஒரு குளிர்காலம் முழுக்க பேஸ்மென்டில் வேறு வேலையே பார்க்கவில்லை.

செய்ததைத் தன் பழைய வண்டியில் போட்டுக் கேட்பான். வண்டியில் தேறாத பாட்டை இந்த ஊர் பாட்டாகவே மதிக்காது. டிக்கி நிறைய ஸ்பீக்கர். அடியின் தொடக்கத்தில் கூர்மை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். இறங்கிப் போய் அதை மழுக்குவான். மறுபடி கேட்பான். மறுபடி மழுக்குவான்.

வசந்தத்தில் இசைத்தட்டுக் கடைக்காரி ஒடெஸா உள்ளூர்க்காரர்களின் பாட்டுகளைச் சேர்த்து ஓர் இசைத்தட்டு வெளியிடுவதாக இருந்தாள். அதில் இன்னும் ஒரு பாட்டுக்குத்தான் இடம் பாக்கி. அது லவெலுக்கா, ஒட்டுவேலைக்காரன் கார்வினுக்கா என்று முடிவு செய்யும் நாள் வந்தது. லவெலின் பெயரை ஊர் மறக்கத் தொடங்கியிருந்தது. இதுவும் போனால், பிறகு எந்த வாயை வைத்துக்கொண்டு அடுத்தவனைத் திட்டுவது?

மார்க்கெட் அருகிலிருந்த தன் கடையில், பெரிய ஸ்பீக்கரில் ஒடெஸா லவெலின் அடியைப் போட்டாள்.

புஸ். புஸ். யாரோ தலையணை தட்டுவதுபோல் கேட்டது. கோனி என்கிற அந்த ஊர் ஹாட் டாக்கைத் தின்றுகொண்டிருந்த கார்வின் அதன்மேலிருந்த கடுகு விழுதை மிகுந்த மரியாதையோடு ஆராயத் தொடங்கினான்.

ஸ்பீக்கர் செத்துவிட்டது என்றான் லவெல். இருவரையும் தெருவுக்கு இழுத்துப்போய் வண்டியில் உட்காரவைத்தான்.

டப். டப். டப்.

"இப்ப சொல்லு," என்றான்.

ஒடெஸா கதவைத் திறந்தாள். இறங்கி வண்டியின் பின்பக்கம் போனாள். நம்பர் பிளேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

புஸ்.

கையை எடுத்தாள். டப்.

"லவெல், உன் கிக்கு ஒரு லூஸ் ஸ்க்ரூல தொங்கிக்கிட்டு இருக்குப்பா."

கார்வினுக்குப் புரையேறியது. லவெலுக்குத் தெருவே பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அவன் மழுக்கி மழுக்கி எறிந்ததெல்லாம் அடியின் உயிர். வண்டியில் கேட்ட கூர்மை முழுக்க, ஆடும் பிளேட்டுத் தகரத்தின் உபயம்.

ஒடெஸாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. பிளேட் ஆடும் சத்தத்தைப் பதிவு செய்து அடியின் முன்னால் ஒட்டிச் சாயங்காலத்துக்குள் கொடுத்தால் இடம் அவனுக்குத்தான் என்றாள்.

"ஒட்டறதா?" என்றான் லவெல்.

"வேற என்னன்னு சொல்லுவ?"

கார்வின் தன் மைக்கை எடுத்து நீட்டினான். அதுதான் லவெலை அதிகமாகக் குத்தியது. ஆனாலும் வாங்கிக்கொண்டான். அழுக்குப் பனியில் மண்டியிட்டு, தன் வண்டியின் பின்புறத்துக்கு மைக் பிடித்தான்.

இசைத்தட்டு வந்தது, அடியும் நன்றாகவே குத்தியது. தன் பெயருக்குக் கீழே 'ஒரே அலையிலிருந்து செய்தது' என்று அச்சடிக்க வேண்டுமென லவெல் ஒற்றைக்காலில் நின்றிருந்தான். ஒடெஸா மறுக்கவில்லை. அப்படியே அச்சடித்தாள். அதற்கும் கீழே, உடன் வாசித்தவர் பெயர் போடும் இடத்தில், வண்டியின் நம்பரைப் போட்டிருந்தாள்.