தானா நடக்குது

டாக்டர் சொன்னதில் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் செரிக்காத சொல் ஒன்றே ஒன்றுதான்: 'தானா'.

"மூளையில ரத்தம் கசிஞ்சு, நினைவு இருக்கிற பகுதி போயிடுச்சுங்க. இதயத் துடிப்பு, வேர்வை, குடல் எல்லாத்தையும் அடியில இருக்கிற மூளைத் தண்டும் நரம்புங்களும் பார்த்துக்குது. உங்க வீட்டம்மாவைக் கேட்டுக்கிட்டு நடக்கிறதில்லை. தானா நடக்குது."

தானாவாம்! 'லிஃப்ட் தானா மேலே போகுது, பேய் இருக்கு' என்று இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேர் போன் செய்திருப்பார்கள். போய்ப் பார்த்தால், ஏதோ ஒரு மாடியில் எவனாவது பட்டனை அமுக்கிவிட்டு, பொறுமை இல்லாமல் படியேறிப் போயிருப்பான். யாரும் அமுக்காமல் எதுவும் நகராது. அவர் படித்த படிப்பு அவ்வளவுதான், ஆனால் அது ஒருநாளும் பொய்த்ததில்லை.

இங்கேயும் அத்தாட்சி வைத்திருந்தார். கட்டிலுக்கு மேலே திரையில் மனைவியின் நாடி எழுபத்திரண்டில் ஓடிக்கொண்டிருக்கும். "இந்தா, நான்தான் வந்திருக்கேன்" என்று இவர் குரல் கொடுத்ததும் எண்பத்தைந்தைத் தொடும்.

"நான் வாயைத் திறந்தாலே உங்கம்மாவுக்குக் கொதிப்பு ஏறுமே, இப்பவும் ஏறுதும்மா," என்று மகளிடம் போனில் சொன்னார். மகள் சிரித்தாள், பிறகு அழுதாள்.

காதில் விழுகிறது என்றால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். அது ஒன்றுக்காகத்தான் தினமும் பார்வை நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். ரத்தம் கசிந்த அன்று காலை மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு, "மண்டை வெடிக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். "நான் வேலைக்குக் கிளம்பும்போதுதான் உனக்கு நோவு வரும். நாடகம் போடாதே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். மதியம் அடுப்படியில் விழுந்து கிடந்தாள்.

அந்தப் பேச்சை எடுக்க மூன்று நாளும் நா எழவில்லை. மகள் கதை, பக்கத்து வீட்டுக் கதை என்று சத்தமாகச் சொல்லி, எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், தரை துடைக்கிற அம்மாவின் கையிலிருந்து வாளி நழுவி விழுந்தது. திரையில் தொண்ணூற்றாறு.

இவர் பேச்சுக்கு ஒருமுறைகூட அவ்வளவு ஏறியதில்லை. மெல்ல இறங்கி மறுபடி எழுபத்திரண்டில் நின்றது.

நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். "நீங்க பேசுறதும் அவங்களுக்குக் கேட்கும் சார், கவலைப்படாதீங்க," என்றாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் "இதோ, ரெண்டே நிமிஷம்" என்று இவர் சொல்கிற அதே குரல். அவருக்கா தெரியாது?

"உண்மையைச் சொல்லும்மா. நான் பேசினப்ப ஏறினது?"

அவள் தயங்கினாள். "சத்தத்துக்கு உடம்பு திடுக்கிடுது சார். அவங்களுக்குத் தெரியாது."

மூன்று நாளாக இவளைத் திடுக்கிட வைத்துக்கொண்டா இருந்தோம் என்று நினைத்தார். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தார். அவள் காதோரம் குனிந்து, தனக்கே கேட்காத குரலில், "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு," என்றார்.

நிமிர்ந்து பார்த்தார். எண் அசையவே இல்லை. அவள் திடுக்கிடவில்லை என்பதற்காக மட்டும் கொஞ்சம் நிம்மதிப்பட்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.