முந்நூற்றுப் பதினேழாம் எண் சைக்கிள்

அறுபத்து நான்கு வயதில் தைமிக்கு ஒரு பிடிவாதம் வந்தது. அண்ணன் ஒய்வா சாகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, நேரில் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒய்வா செத்தது 1944 ஜூனில், கிழக்கு எல்லையில் கரேலியாவில் நடந்த போரில். சைக்கிள் படையில் இருந்தான். திருகாணி போட்டு மூடிய பெட்டியில் ஊருக்கு வந்தான். சர்ச்சுக்குப் பக்கத்தில், போரில் போன மற்ற பையன்களோடு வரிசையில் புதைத்தார்கள். கூடவே படைப் பாதிரியாரின் கடிதம் ஒன்றும் வந்தது. ‘தோழர் ஒருவரின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்’ என்று அதில் இருந்தது. அந்தத் தோழருக்கு ஒரு பெயர் எழுதக் கூடாதோ, மகராசன் எழுதவில்லை.

அம்மா ஹில்மா அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டு மேசைக்கு மேலே மாட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, அதை வாய்விட்டுப் படிப்பாள். தைமி கேட்பாள். வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவும் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது படிப்பதும் தைமி, கேட்பதும் தைமி. ரேடியோவில் வானிலை சொல்கிறவனுக்கு ‘சரிப்பா’ என்று பதில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து, முற்றத்தில் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். யாரும் வரவில்லை. அப்போது நினைத்துக்கொண்டாள்: எனக்கு வாய்க்காவிட்டால் போகிறது, என் அண்ணனுக்காவது ஒரு கை வாய்த்ததே!

அந்தக் கையைத்தான் தேடினாள். ஹெல்சிங்கியில் உள்ள போர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒய்வா இறந்தபோது உடனிருந்தவர் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு வழங்கப்பட்டிருந்த 317ஆம் எண் சைக்கிளை, இரண்டு நாள் கழித்துப் படைவீரர் ஆர்வி ஹொன்கா என்பவர் கிடங்கில் ஒப்படைத்திருக்கிறார். இரண்டு டயரும் இல்லை, மணி இருக்கிறது.

ராணுவத்தைப் பாருங்கள்! செத்தவன் கடைசியாக என்ன சொன்னான் என்று எழுத ஆளில்லை, சைக்கிளில் மணி இருந்ததை எழுத ஆள் இருக்கிறது. ஆனால் தைமி அந்தக் கணக்கனை மனதார வாழ்த்தினாள். சைக்கிளைக் கொண்டுவந்தவன்தானே கடைசி வரை பக்கத்தில் இருந்திருப்பான்! டெலிபோன் புத்தகத்தில் தேடினாள். ஆர்வி ஹொன்கா உயிரோடுதான் இருந்தார், பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில். ‘நான் ஒய்வாவின் தங்கை. சனிக்கிழமை வரலாமா?’ என்று கடிதம் போட்டாள். ஒரு தபால் அட்டை வந்தது. ‘காபி இருக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

சனிக்கிழமை கதவைத் திறந்தவர் நிலைப்படி இடிக்காமல் குனிந்தார். அந்தக் குனிவைப் பார்த்ததுமே தைமிக்குத் திக்கென்றது.

“நீங்க... அந்தப் பஞ்சர்காரர்தானே?”

“ஆமாம்” என்றார் அவர்.

போர் முடிந்து இரண்டாம் வருஷத்திலிருந்து, ஜூலை மாதம் தவறாமல், ஒரு நெட்டையான ஆளுக்கு இவர்கள் வீட்டு வாசலில் சைக்கிள் பஞ்சராகும். ஓட்டை எங்கே என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். ஒட்டுப் போட்டு முடித்ததும் அம்மா உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்பாள். முதல் கப், இரண்டாம் கப், மூன்றாம் கப். சுவரைப் பார்த்தபடியே குடிப்பார். “சரி, வரேன்” என்று போய்விடுவார். எதற்கு வந்தாய் என்று வந்தவரைக் கேட்கும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. வந்த காரியத்தை வந்தவர்தான் சொல்ல வேண்டும். அவரும் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. “ஏண்டி தைமி, இத்தனை வீட்டைத் தாண்டி வந்து நம்ம வாசல்ல வந்தா பஞ்சராகுது? ஆணி ரோட்டுல இல்லடி, வேற எங்கயோ குத்துது” என்று அம்மா சீண்டுவாள். தைமி முகம் சிவந்து, அடுத்த ஜூலைக்குப் புது ரவிக்கை தைத்து வைப்பாள். ஒன்பது வருஷம் வந்தார். பத்தாம் வருஷம் வரவில்லை.

ஆர்வி காபி ஊற்றினார். கூடவே கடையில் வாங்கின ஏலக்காய் ரொட்டி. பெண்டாட்டி போய் ஆறு வருஷம் என்று அவரே சொன்னார். தைமி வந்த காரியத்தைச் சொன்னாள்.

“உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். எங்கண்ணன் கையைப் புடிச்சுட்டு இருந்தீங்களே, அதுக்கு.”

அவர் கப்பைக் கீழே வைத்தார்.

“நான் புடிக்கலைங்க.”

“அப்ப வேற யாரு?”

“யாருமில்ல.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “டயரெல்லாம் கிழிஞ்சு வெறும் ரிம்முல ஓட்டிட்டு வந்தோம். கடகடன்னு சத்தம், எதிரிக்கு வேற அடையாளமே வேணாம். குண்டு விழுந்ததுல என் சைக்கிள் போச்சு, ஒய்வாவுக்குத் தொடை போச்சு. அவன் வண்டியில ஏத்திப் பாத்தேன், உக்கார முடியலை. ‘என் வண்டிய எடுத்துட்டுப் போ, ஸ்ட்ரெச்சர் கொண்டா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்’னான். சிரிச்சான் கூட. போனேன். ஆத்தைத் தாண்டுறேன், பின்னாலயே நம்ம ஆளுங்க பாலத்தை வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க, எதிரி தாண்டக் கூடாதுன்னு. திரும்பப் போக விடலை. மறுநாள் நம்ம ஆளுங்க அந்த இடத்தைத் திரும்பப் புடிச்சப்போதான் எடுத்தாங்க. ரோட்டோரப் பள்ளத்துல கெடந்தான். தனியா.”

“பாதிரியார் எழுதியிருந்தாரே!”

“அவர் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் எழுதினார், பாவம்.”

தைமிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

“ஒன்பது வருஷம் எங்க வீட்டுக் காபியைக் குடிச்சீங்களே, அப்பச் சொல்ல வாய் வரலையா?”

“சொல்லத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் டயர்ல நானே குத்திட்டுத்தான் வருவேன். உள்ள வந்து உக்காந்தா எதிர்ல அந்த லெட்டர். அதைப் படிச்சுட்டு எப்படிச் சொல்றது?”

“நாப்பத்திரண்டு வருஷமா நான் அதை நம்பிட்டு இருந்தேன். அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு.”

“தெரியும். உங்கம்மாவும் அதையேதான் சொன்னாங்க.”

தைமி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒன்பதாவது வருஷம், நான் கிளம்புறப்போ உங்கம்மா வாசல் கேட் வரைக்கும் கூட வந்தாங்க. ‘ஐயா, கேக்கக் கூடாதுதான், கேக்குறேன். எதுக்கு வர்றீங்க?’ன்னாங்க. அவங்க கேட்டதும் என்னால அடக்க முடியலை. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்புறம், ‘எம்பொண்ணு அந்த லெட்டரை வெச்சுத்தான் நடமாடிட்டு இருக்கா. அவளுக்குத் தெரிய வேணாம். இனிமே வராதீங்க’ன்னாங்க. நான் வரலை.”

அது 1954. அம்மா செத்தது 76இல். இருபத்திரண்டு கிறிஸ்துமஸ்! அந்த இருபத்திரண்டு தடவையும் பொய் என்று தெரிந்தே படித்திருக்கிறாள். மகள் கேட்க வேண்டுமென்று, குரல் தடுமாறாமல் படித்திருக்கிறாள். ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, அம்மா தைமிக்காக ஒய்வாவைத் தனியாகவே சுமந்திருக்கிறாள். தைமிக்கு அழுகை வந்தது. அண்ணனுக்காக அழுது தீர்த்தாகிவிட்டது. இது அம்மாவுக்காக. மேசையில் தலையைச் சாய்த்து, அயலார் வீடு என்றும் பாராமல் ஓவென்று அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஆர்வி சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நாலு மணி பஸ் போயிடுங்க” என்றார் கொஞ்சம் பொறுத்து.

“போகட்டும்.” தைமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா அழுதாங்களா அன்னைக்கு?”

“இல்லைங்க. கேட்டைப் புடிச்சுக்கிட்டாங்க. கீழ விழுந்துடுவாங்களோன்னு எனக்குப் பயமாயிடுச்சு. நீங்க எங்க இருந்தீங்கன்னு தேடினேன். காணோம்.”

அந்த நாள் தைமிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இந்த வருஷமும் ஒன்றும் சொல்லாமல் போகிறானே மனுஷன் என்று அவளுக்குக் கோபம்.

“ஜன்னலுக்கு உள்பக்கம்தான் இருந்தேன்” என்றாள். “முதுகைக் காட்டிக்கிட்டுக் கப் கழுவிட்டு இருந்தேன்.”